ஷ்யாமளாவின் மெரூன் ஜாக்கெட்

அமெரிக்காவில், ஐசலினில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்கு யார் குடிவந்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். ஜன்னலில் பிளைண்ட்ஸ் எதற்கு இருக்கிறது? நட்டநடு ஜனவரி, மைனஸ் பதினைந்து. மெல்லிசு ஸ்வெட்டரும் கட் ஷூவுமாகப் பக்கத்து வீட்டில் வந்து இறங்கினாள் அஞ்சனா. புருஷன் மாதவ் பெட்டியை இறக்கிய கையோடு ஆபீஸ் கிளம்பிவிட்டான். ரொம்பப் பொறுப்பு.

"உள்ள தெர்மல், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜாக்கெட். லேயர் லேயரா போடணும்மா," என்று சொல்லி, என் அலமாரியில் ஒரு வருஷமாகத் தொங்கிய மெரூன் ஜாக்கெட்டைக் கொடுத்தேன்.

போட்டுக்கொண்டவள் என்னைப் பார்த்தாள்.

"இப்பதான் யாரோ கழட்டின மாதிரி சூடா இருக்கு ஆன்ட்டி."

அது ஷ்யாமளாவுடையது என்று நான் சொல்லவில்லை. அஞ்சனா வந்திருக்கும் அதே வீட்டில் முன்பு இருந்தவள். போன ஜனவரியில் குப்பை போட வெளியே வந்தபோது கதவு பூட்டிக்கொண்டது. போன் உள்ளே, புருஷன் வெளியூரில். பின்வாசல் பனியில் பிணமாகக் கண்டெடுத்தபோது ஜாக்கெட், ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் பக்கத்தில் இருந்தன. புடவைக் கடையில் மடிப்பது போல, ஓரம் பிசகாத மடிப்பு. குளிர் முற்றினால் கடைசியில் உடம்பு எரியுமாம், கழற்றிப் போடச் சொல்லுமாம். போலீஸ்காரர் சொன்னார். ஊருக்குக் கிளம்பும்போது அவள் புருஷன்தான் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். புதுசு மாதிரி இருந்தது, எறிய மனசு வரவில்லை.

அன்றைக்கு அவள் முதலில் தட்டியது என் கதவைத்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாளே என்று நான் திறக்கவில்லை. ஊர்க் கதையெல்லாம் பேசுகிற நான், இதை மட்டும் யாரிடமும் பேசியதில்லை.

மறுநாள் மத்தியானம் பிளைண்ட்ஸை விலக்கினேன். அஞ்சனா பின்வாசல் பனியில் நின்றிருந்தாள். குல்லாவைக் கழற்றினாள். கையுறையை. ஜாக்கெட்டை. ஒவ்வொன்றாகப் பக்கத்தில் நீட்டினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

நீட்டியது எதுவும் கீழே விழவுமில்லை.

அந்தரத்தில், நிதானமாக, ஓரம் பார்த்து மடிந்தது.

கதவை விரியத் திறந்துபோட்டு வெறுங்காலோடு ஓடினேன். அவளை என் வீட்டுக்குள் இழுத்துவந்து கம்பளி சுற்றினேன். விரல்கள் மெழுகாக இருந்தன.

"ஏண்டி கழட்டின?"

"வேர்த்துது. குடு, மடிச்சு வைக்கறேன்னு அந்த ஆன்ட்டிதான்..."

"எந்த ஆன்ட்டி?"

"உங்களைத்தான் கேட்டாங்க. இன்னைக்காவது காமாக்ஷி கதவைத் திறப்பாளான்னு."

திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்தபடியே இருந்தது. வாசல் மேட்டில் பனி ஒட்டிய ஈரப் பாதச் சுவடுகள், உள்ளே வந்த மாதிரி. என் பாதம் அதைவிட இரண்டு சைஸ் பெரிசு; அஞ்சனா காலில் ஷூ இருந்தது.

அஞ்சனா பிழைத்துக்கொண்டாள். இரண்டு விரல் நுனியில் மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. ஜாக்கெட் குப்பை வண்டியில் போயிற்று.

இன்று மைனஸ் பதினெட்டு. சோபாவில் என் ஸ்வெட்டர், சால்வை, சாக்ஸ். ஓரம் பிசகாமல் மடித்திருக்கிறது. நான் எதையும் மடிக்கிற ரகமில்லை, என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

பயம்கூட வரவில்லை. கால் மரத்துவிட்டது. ஹீட்டரை அணைத்தும் ஒரே புழுக்கம்.

கொஞ்ச நேரம் பின்வாசலில் நின்றுவிட்டு வருகிறேன்.