தேங்கிய மூட்டைகள்

மழை. ஆய்வகத்தின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குப்பை லாரி. பக்கத்தில் பூனைகூட நுழைய இடமில்லை.

அவள் சுருட்டிய படத்தாளை மார்போடு அணைத்தபடி லாரியின் கதவைத் தட்டினாள். பத்து மணிக்குப் பேராசிரியர் முன்னால் மூன்று வருட வேலையை விரிக்க வேண்டும். மணி ஒன்பதே முக்கால்.

ஓட்டுநர் இறங்கினான். முன்னால் நிற்கிற காரை எடுத்தால்தான் தானும் எடுக்க முடியும் என்றான். நனைந்த இமைகள். அவற்றுக்குக் கீழே, எதையும் விட்டுவைக்காமல் பார்க்கிற கண்கள்... தாளின் ஓரம் நனைவதைக் கண்டு, காவலர் அறைக் கூரையின் கீழ் வந்து நிற்கச் சொன்னான். என்ன படம் என்று கேட்டான். நுரையீரல் செல் என்றாள்.

"காட்டுங்க மேடம். எங்கப்பாவுக்கு அதுதான் கெட்டுப்போயிருக்கு. இத்தனை வருஷமா இருமல்தான் கேக்குறேன்... உள்ள என்ன இருக்குன்னு பார்த்ததில்ல."

விரித்தாள். இடது பக்கம் நல்ல செல், வலது பக்கம் நாள்பட்ட நோய் கண்டது. செல் தனக்குள் பழுதானதை மூட்டை கட்டித் தானே தின்று செரித்துவிடும், தன்னுண்ணல் என்று அதற்குப் பெயர் என்றாள். ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் ஒரு மூட்டை. எண்ணி எண்ணி, ஆய்வகத்தில் அவளுக்கே 'புள்ளி' என்று பெயர் வந்துவிட்டது. நோய் கண்ட செல்லில் மூன்று மடங்கு மூட்டைகள். ஆக, செல் அளவுக்கு மீறித் தன்னைத் தின்கிறது. அதை அடக்க மருந்து வேண்டும் என்பது அவள் முடிவு.

அவன் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தெருவுல மூட்டை மூணு மடங்கு கிடந்தா, நிறைய கட்டுறாங்கன்னு நான் நினைக்க மாட்டேன் மேடம். லாரி வரலன்னுதான் நினைப்பேன்."

அவள் வெடுக்கென்று படத்தைச் சுருட்டினாள்.

"லாரி ஓட்டுறவர் லாரியைப் பத்திப் பேசினா போதும்."

முன்னால் கார் நகர்ந்தது. அவன் ஏறி வழிவிட்டான்.

பத்து மணிக்கு எல்லாரும் கை தட்டினார்கள். மருந்துப் பரிசோதனைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார் பேராசிரியர். அவளுக்கு மட்டும் அந்த லாரிப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. அவன் சொன்னது சரியென்றால், குப்பையில் திணறுகிற செல்லுக்கு, மூட்டை கட்டுவதையும் நிறுத்தச் சொல்லப் போகிறாள்.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். யாரைப் பற்றி யோசனை என்று அக்கா கேட்டாள்.

"யாரும் இல்ல. ஒரு லாரிக்காரர்."

"யாரும் இல்லாத ஆளுக்கு இவ்வளவு மரியாதையாடி?"

செரிக்கும் இடத்தை அடைத்துவிடுகிற மருந்து ஒன்று உண்டு. முதல் மாதமே செய்து பார்த்திருக்க வேண்டியது. எண்ணுகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று. மறுநாள் ஆய்வகத்தில் இரண்டு வகை செல்லிலும் அதை இட்டாள். நல்ல செல்லில் புள்ளிகள் மளமளவென்று பெருகின. அங்கே லாரி வந்துகொண்டிருந்தது, அவள் நிறுத்திவிட்டாள். நோய் கண்ட செல்லில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. நின்றுபோன லாரியை இன்னொரு முறை எப்படி நிறுத்துவது?

நான்கு முறை செய்தாள். நான்கிலும் அதே விடை. சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. பேராசிரியரிடம் அவளே போய்த் தன் முடிவு தப்பு என்றாள். விண்ணப்பம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அடுத்து அவனிடம் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமைகளில் அப்பாவை மூச்சுப் பரிசோதனைக்குப் பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்து வருவான் என்று காவலர் சொன்னார். போனாள். நீண்ட பெஞ்சில் அப்பாவும் மகனும். குழாயில் ஊதிக் களைத்த பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

அவள் நின்றபடியே சொன்னாள். "நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கு நான் பேசினது தப்பு."

அவன் எழுந்துகொண்டான். அப்போ அப்பாவுக்கு மருந்து வருமா என்று கேட்டான்.

"தெரியாது. வர்றதுன்னாலும் பல வருஷம் ஆகும். உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல." துப்பட்டாவின் நுனி அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. "இதை ஒரு சீட்டுல எழுதிக் காவலர்கிட்ட குடுத்திருக்கலாம்... உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு. அதான் வந்தேன்."

அந்தக் கண்கள் முதல்முறையாகத் தரையைப் பார்த்தன. வாய் திறந்தது, சொல் வரவில்லை.

பெஞ்சிலிருந்து பெரியவர், கண் திறக்காமலே, விட்டு விட்டுச் சொன்னார்.

"பேசுடா... மூச்சு முட்டுறது... எனக்கா, உனக்கா?"