பதினாறாம் தாளும் பதினேழாம் தாளும்

சனிக்கிழமையானால் சுண்டு சித்தியோடு ஆய்வறைக்குப் போய்விடுவாள். கடலிலிருந்து வந்த புல்லைக் கழுவி, தடித்த தாளில் விரித்து, எண் எழுதி, பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்குவது அவள் வேலை. பத்து வயதுக்காரிக்கு அது சின்ன வேலை இல்லை.

அன்று சித்தியின் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணே, பாத்தீங்களா? இது அகல இலை, இது ஊசி இலை. நம்ம கடல்ல ரெண்டு இனம் இருக்கு! இதுவரைக்கும் யாருமே சொல்லல."

புல் எடுத்து வந்த படகுக்கார மாமா தலையைச் சொறிந்தார். "எனக்கு எல்லாமே புல்லுதான்மா. ஆமைகிட்ட கேளு, ருசி பாத்துச் சொல்லும்."

"கேலி பண்ணாதீங்க. மூணு மணிக்கு வண்டி வருது. தாளெல்லாம் பெரிய ஆய்வகத்துக்குப் போகணும். இந்த ரெண்டு இலையும் ஒரே தண்டுல வந்ததே இல்ல. அதுதான் என் ஆதாரம்."

சுண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த தாள்களைத் திரும்பிப் பார்த்தாள்.

காலையில் ஒரு புல், தாளைவிட நீளமாக இருந்தது. ஒரு முனையில் அகல இலை, மறுமுனையில் ஊசி இலை. இரண்டு புல் சிக்கிக்கொண்டது என்று நினைத்து, அவள்தான் தண்டை நடுவில் வெட்டினாள். ஒரு பாதி பதினாறாம் தாளில், மறுபாதி பதினேழாம் தாளில்.

சொன்னால் சித்தியின் சிரிப்பு போய்விடும். இனி அறைக்குள்ளேயே விடமாட்டாள். சொல்லாவிட்டால், நாளைக்கு யாராவது கண்டுபிடித்துச் சித்தியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சுண்டு இரண்டு தாள்களையும் உருவினாள். வெட்டிய முனைகளை ஒட்டி வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தின. உருப்பெருக்கியை எடுத்து இலைகளையும் பார்த்தாள்.

"சித்தி, இது ரெண்டு இல்ல, ஒண்ணு. நான்தான் வெட்டிட்டேன்."

சித்தி திரும்பினாள்.

"இலை நுனியப் பாருங்க. ரெண்டுலயும் மூணு பல்லு."

சித்தி வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அகலத்தையே அளந்துட்டிருந்தேன். நுனியப் பாக்கவே இல்ல."

"இதை நான் மேட்டுலேருந்து பள்ளத்துக்குப் போற இடத்துல பிடுங்கினேன்மா," என்றார் மாமா. "மேட்டுல வெறும் மணல், ஓயாத அலை. பள்ளத்துல நல்ல சேறு."

"மேட்டுல இளைச்சிருக்கு, பள்ளத்துல கொழுத்திருக்கு," என்று முணுமுணுத்தாள் சித்தி.

"என் அண்ணன் மாதிரி. ஆள் என்னைவிட ரெண்டு மடங்கு. மூக்கைப் பாத்தாத்தான் ஒரே வீடுன்னு தெரியும்," என்றார் மாமா.

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கோவமா சித்தி?"

"ஆமா. அஞ்சு நிமிஷம் கோவமா இருக்கேன். பேசாத."

வெளியே வண்டி வந்து நின்றது. சித்தி வாசலுக்குப் போய், "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க," என்றாள்.

திரும்பி வந்து இரண்டு தாள்களையும் ஒன்றாக ஒட்டினாள். பதினேழு என்ற எண்ணைக் கோடு போட்டு அடித்தாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"இன்னும் இருபத்து மூணு தாள் இருக்கு. எல்லா நுனியையும் பாக்கணும். எனக்கு ரெண்டு கண்ணு பத்தாதுடி."

சுண்டு இன்னொரு முக்காலியை இழுத்து, சித்தியின் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.