ஒயர் போகாத சுவர்

அர்ஃபானின் உயிருக்கு எலக்ட்ரீஷியன் சேதுபதி கட்டிய விலை முப்பத்தெட்டு வெள்ளி. அதிலும் மூன்று வெள்ளி குறைக்கப் பார்த்தான்.

"பன்னிரண்டு வெள்ளிக்கும் கரண்ட் டெஸ்டர் இருக்குண்ணே," என்றாள் சிங்கப்பூர் தேக்கா கடைக்காரி பாக்கியலட்சுமி. "ஆனா ஒயரை ஒட்டி வச்சாதான் கத்தும். இது சுவத்துக்குள்ள இருக்கறதையும் சொல்லிடும் லா. கூட வேலை செய்யறவர் மேல அக்கறை இருந்தா இதை எடுங்க."

"அக்கறையெல்லாம் இல்ல. அவன் போனா வேற ஆள் கிடைக்கமாட்டான்."

கடை பிளக்கில் வைத்துப் பார்த்தான். கத்தியது. வாங்கினான்.

மாலையில் கிளமெண்டியில் ஒரு காலி வீடு, பத்தாவது மாடி. மழைக்கு ஜன்னல்களை அடைத்திருந்ததால் பழைய சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த வாடை வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சேதுபதி மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டிருந்தான். ஏணிமேல் அர்ஃபான், கூரை ஒயர்ப் பெட்டிக்குள் அவன் கை. அங்கிருந்த ஒயர்களில் டெஸ்டர் சத்தம் போடவில்லை. சேதுபதி அதைக் கீழிறக்கும்போது, வெறும் சுவரருகே கத்தியது.

முழுக் கான்கிரீட். ஒயரே போகாத சுவர்.

"பக்கத்து வீட்டு ஒயரா இருக்கும்ணே."

"மூலை வீடுடா. அந்தப் பக்கம் காத்துதான்."

"அப்ப காத்துக்கும் கரண்ட் கொடுத்துட்டாங்க போல."

சத்தம் கேட்ட விளிம்பைச் சேதுபதி பென்சிலால் கோடிட்டான். கோடு மெல்ல ஏறி, தோளளவில் அகன்று, கழுத்தளவில் ஒடுங்கி, மேலே உருண்டு மறுபக்கம் இறங்கியது. ஓர் ஆள் உயரம். மறுபடி வைத்தான். கோட்டுக்குள் சத்தமில்லை. ஏணிப் பக்கமாக ஓரடி தள்ளிக் கத்தியது.

பிறகு ஏணிக் காலில்.

ஃபைபர் ஏணி. கரண்ட் ஏறாது.

"இறங்குடா."

"ஒரே ஒரு ஸ்க்ரூண்ணே."

முதல் படியில் கத்தியது. இரண்டாம் படியில் கத்தியது. முதல் படி அடங்கிவிட்டது.

மெயின் பூட்டு அப்படியே இருந்தது. அணைக்க இனி எதுவும் மிச்சமில்லை. அவனைப் பிடித்து இழுக்கவும் முடியாது; கரண்ட் ஏறியவனைத் தொட்டால் தொட்டவனும் போவான்.

அர்ஃபானின் கணுக்கால். டெஸ்டரில் சிவப்பு விளக்கு. ஓயாத சத்தம்.

"அண்ணே, கை கொடுங்க. இறங்கறேன்."

குரல் அவனுடையதுதான்.

சேதுபதி கைபேசி வெளிச்சத்தைத் தூக்கினான்.

ஏணியைப் பிடித்திருந்தது ஒரு கை. ஸ்க்ரூட்ரைவரில் ஒரு கை. சேதுபதியை நோக்கி நீண்டிருந்தது ஒரு கை.