ரிவர்ஸ் கேமராவுக்கு வைத்த பொட்டு

காஞ்சிபுரத்தில் பெஞ்சமினின் கார் ஆடியோ கடையில் டச் ஸ்க்ரீன் செட்டை மாட்டிக்கொண்டு, சாலவாக்கம் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாட்டு கேட்க வாங்கவில்லை. அதோடு வரும் ரிவர்ஸ் கேமராவுக்காக வாங்கினேன். என் மகள் அம்முலுவுக்கு மூன்று வயது. தினமும் காலையில் உத்திரமேரூர் உரக்கடைக்குக் கிளம்பி நான் காரைப் பின்னால் எடுக்கும்போது, "நைனா, டாட்டா" என்று தெருப்பக்கம் ஓடிப்போய் காருக்குப் பின்னால் நிற்பாள். அவள் உயரத்துக்குக் கண்ணாடியில் தெரியமாட்டாள். என்றைக்காவது ஏற்றிவிடுவேனோ என்று தினமும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

ஆனால் செட்டா அது? சனியன். ஸ்டார்ட் செய்தால் உயிர் வரவே அரை நிமிடம். குறைத்து வைத்த சத்தம் மறுநாள் தானாக ஏறி அலறும். சமையலறையில் இருக்கும் என் மனைவி இளவரசியின் போனோடு ப்ளூடூத்தில் ஒட்டிக்கொண்டு, மாமியார் என்னைத் திட்டுவதை எனக்கே ஸ்பீக்கரில் போடும். கேமரா மட்டும் ஒழுங்காக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆயுதபூஜை வந்தது. எங்கள் ஊரில் மிக்ஸி, பம்புசெட்டு, தையல் மிஷின் என்று எதையும் விடமாட்டார்கள். காருக்கு நாலு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்த இளவரசி, கேமரா கண்ணாடி மேலேயே ஒரு பொட்டை அப்பினாள்.

"இன்னாடி பண்ற? அது கேமராடி!"

"கண்ணு மாதிரி கீதுய்யா. அதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? நாளிக்கு தொடச்சிக்கோ, போ."

மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டேன். திரை நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. இறங்கித் துடைத்தேன். போகவில்லை. ஷாம்பு போட்டுத் தேய்த்தேன். அப்போதும் போகவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது என்று எரிச்சலோடு காரைப் பின்னால் எடுத்தேன்.

கண்ணாடியில் ஒட்டிய கறை அளவு மாறாது. இது பெரிதாகிக்கொண்டே வந்தது.

பின்னால் ஏதாவது கிட்டே இருந்தால் எச்சரிக்கும் சென்சார் பீப் பீப் என்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வெறும் தெரு.

காரை நேராக பெஞ்சமினிடம் ஓட்டினேன். அவன் கேமராவை மாற்றினான், வயரை மாற்றினான். அவன் கடையில் படம் பளிச்சென்று இருந்தது. வீட்டு வாசலில் மறுபடியும் அதே புள்ளி. மூன்றாவது முறை போனபோது அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"தணிகைண்ணே, கோச்சிக்காத. இங்க ஒண்ணுமே இல்ல. உன் வூட்டாண்ட மட்டும் வருதுன்னா..." குரலைத் தாழ்த்தினான். "அது செட்டுல கீற கோளாறு இல்லண்ணே."

"காசு வாங்கத் தெரியுது, ரிப்பேர் பண்ணத் தெரியலியா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் புள்ளியைச் சுற்றி ஒரு நெற்றி தெரிந்தது. ஆறாம் நாள் முகம். சாயம் போன புடவையில் ஒரு பொம்பளை. ஒவ்வொரு காலையும் ஓர் அடி கிட்டே வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. காரைத் தாண்டி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். ஒரு கையைத் தாழ நீட்டி, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல விரல்களை மடக்கி மடக்கி அசைத்தாள்.

இளவரசியை இழுத்து வந்து காட்டினேன்.

"தெருதான் தெரியுது. காலாங்காத்தால பேஜார் பண்ணாத."

மறுநாள் இளவரசியிடம் கத்தினேன். "கொழந்தைய கீய எறக்காத! இடுப்புலயே வெச்சிக்கினு என் கண்ணு முன்னால நில்லு!"

நின்றாள். முன்கண்ணாடி வழியாக இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் கியர் போட்டேன். திரை எரிந்தது.

அந்தப் பொம்பளையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்முலு நின்றாள்.

முன்னால் பார்த்தேன். இளவரசியின் இடுப்பில் அம்முலு.

திரையில், "நைனா" என்று வாயசைத்து, அம்முலு டாட்டா காட்டினாள்.

இடுப்பில் இருந்தவள் கையை அசைக்கவே இல்லை. என்னையே பார்த்தாள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தச் செட்டைப் பிய்த்து எறிந்தேன். ஒழிந்தது பீடை என்று மூச்சு வாங்கியபடி வீட்டுக்குள் போய், கையை நீட்டி, "வாடா கண்ணு" என்றேன். பிள்ளை வந்தது. ஈரமண் வாசனை அடித்தது.

"அப்பா" என்றது.

என் அம்முலு பேசக் கற்ற நாளிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"புது பழக்கம் பாரேன்" என்று இளவரசி சிரித்தாள். அவளிடம் நான் என்ன சொல்வது? நீ இடுப்பில் வைத்திருந்தது நம் பிள்ளை இல்லை என்றா? அதை எந்த வாயால் சொல்வேன்?

அன்றைக்கே செட்டைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். "எப்டியாவது மாட்டிக் குட்றா" என்று பெஞ்சமினின் கையைப் பிடித்து அழுதேன். அவன் மாட்டிக் கொடுத்தான்.

இப்போது தினமும் காலையில் ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கை மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அரை நிமிடம் கழித்துத் திரை எரியும். கை கோத்தபடி இரண்டு பேரும் நிற்பார்கள். என் மகள் டாட்டா காட்டுவாள்.

தினமும் ஓர் அடி தள்ளிப் போகிறார்கள். இன்று காலை சென்சார் கத்தவில்லை.