கல்மரம் பார்க்க ஒரு லைசென்ஸ்

"எக்ஸ்க்யூஸ் மீ... நீங்க தமிழ்தானே? உங்க கார் ஒரு அரை மணி நேரம் வேணும்."

டிஎம்வி என்கிற லைசென்ஸ் ஆஃபீஸ் வாசலில் நின்று செல்ஃபோனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த இளமாறன் திகைத்துத் திரும்பினான். மழையில் பாதி நனைந்த ஒரு பெண். பெரிய கண்கள்... இமையில் ஒரு துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்களில் கெஞ்சல் மட்டும் இல்லை. சண்டைக்கு வந்தவள் போல நின்றாள்.

"காரா? எதுக்குங்க?"

"டிரைவிங் டெஸ்ட். ஃப்ரெண்ட் கார்ல பிரேக் லைட் எரியலன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. இன்னிக்கு விட்டா ரெண்டு வாரம் கழிச்சுதான் டேட்."

"இதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை ஃபெயில். கார் தர முடியுமா, முடியாதா?"

புத்தியுள்ள எவனும் முடியாது என்றுதான் சொல்வான். அட்ரஸ் மாற்ற வந்த இளமாறன் சாவியை நீட்டினான். கேட்டால், மழையில் நின்றாளே, பாவம் என்பான். நம்பாதீர்கள்... எல்லாம் அந்தக் கண்கள் செய்த வேலை!

இருபது நிமிடத்தில் அந்தப் பெண், வான்மதி, திரும்பி வந்தாள். மறுபடியும் ஃபெயில். போதாக்குறைக்கு நடைபாதை விளிம்பில் உரசி, சக்கரத்தில் நீளமாக ஒரு கீறல்.

"சாரி... நான் சரி பண்ணிக் குடுத்துடறேன்." உதடு துடித்தது. ஆனால் அழவில்லை.

"அது கிடக்கட்டும். எங்க போறதுக்கு இவ்வளவு அவசரம்?"

"அரிசோனாவுக்கு. கல்மரம் பார்க்க."

அவள் அப்பா சேனாபதி, பெரம்பலூரில் ஜியாலஜி வாத்தியார். முப்பது வருடம் மாணவர்களைச் சாத்தனூர் கல்மரத்துக்கு அழைத்துப் போனவர். 'அமெரிக்காவுல ஒரு பாலைவனத்துல காடே கல்லாக் கிடக்கு' என்று ஒவ்வொரு வருடமும் புத்தகத்தில் படம் காட்டியவர். மகளைப் பார்க்கப் பிளசன்டனுக்கு வந்திருக்கிறார். பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்புகிறார். இன்னொரு தடவை இவ்வளவு தூரம் பறக்க உடம்பு தாங்காது என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் கல்மரங்கள் இருக்கிற பார்க்கிற்குப் பஸ்ஸும் கிடையாது. உள்ளேயே இருபத்தெட்டு மைல் ரோடு.

"இவ்வளவுதானா? நானே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம்." பட்டென்று வந்தது பதில். "நாலு மாசமா எங்கப்பா கோவிலுக்குக்கூட அடுத்தவங்க கார்லதான் போறார். அவங்க கிளம்பினாதான் கிளம்பணும். இறங்கறப்ப ரெண்டு ரெண்டு தடவை தேங்க்ஸ் சொல்றார். ஊர்ல தலைநிமிர்ந்து நடந்த மனுஷன்ங்க அவர். இந்த ஒரு இடத்துக்காவது யார் தயவும் இல்லாம போகணும். நான்தான் ஓட்டுவேன்."

இளமாறன் குனிந்து சக்கரத்துக் கீறலை விரலால் தடவினான். பிறகு மெதுவாக, "சரி, பழகறதுக்காவது இந்தக் காரை எடுத்துக்குங்க. கீறல்தான் விழுந்தாச்சே... இனிமே என்ன பயம்?" என்றான்.

அப்போதுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

சனி, ஞாயிறில் ஆளில்லாத ஆஃபீஸ் பார்க்கிங் லாட்டில் பயிற்சி. வைப்பர் இப்படியும் அப்படியும் ஆட, கண்ணாடியில் இரண்டு ஜோடிக் கண்கள் அடிக்கடி மோதிக்கொண்டன.

"மிரர்ல பின்னாடி வர்ற வண்டியைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க."

"நான் மிரரைத்தான் பார்த்தேன். நீங்க ஏன் அதுல வந்து நிக்கறீங்க?"

டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்புதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். ஒரு ஃபைலைப் பெருமையாக நீட்டினான். மேப்க்வெஸ்ட்டில் எடுத்த ரூட் பிரின்ட் அவுட், வழியில் நீடில்ஸில் ஒரு இரவு, ஹோல்ப்ரூக்கில் ஒரு இரவு... இரண்டு மோட்டலிலும் அவன் பெயரில் புக்கிங்!

"நானும் லீவ் போட்டுட்டேன். போற வழியில ஃபிளாக்ஸ்டாஃப்ல ஸ்னோ இருக்கும், அதான்..."

"அப்ப நான் ஃபெயில்தான் ஆவேன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"ஐயோ, அப்படி இல்ல வான்மதி..."

அவள் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் மூன்றாவது டெஸ்ட் கொடுத்தாள். பாஸ்! முதலில் யாரிடம் சொல்லத் தோன்றியது என்பதுதான் அவளுக்குக் கோபம். சொல்லவில்லை. ஒரு வாரம் ஃபோனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, ரென்டல் கார் கவுன்ட்டர். அப்பா புது ஷூவும் ஸ்வெட்டருமாக நின்றார். வேறு யாராவது ஓட்டுவார்களா என்று கேட்டாள் கவுன்ட்டர் பெண். ஃபிளாக்ஸ்டாஃபில் பனி கொட்டுவதாக டிவியில் ஓடியது. வான்மதியின் பேனா நின்றது. பிடிவாதம் அப்பாவுக்காகத்தான்... அந்த அப்பாவை வைத்துக்கொண்டா பனியில் பிடிவாதம் பிடிப்பது? 

ஃபோனை எடுத்தாள்.

"நான் பாஸ் பண்ணிட்டேன்."

"நீங்க பாஸ் பண்ணாம விட மாட்டீங்கன்னு தெரியும்."

"நான்தான் ஓட்டுவேன். ஆனா... பனி இருக்கற இடத்துல பழகினவங்க ஓட்டினா நல்லது. நீங்க வாங்க."

இருபது நிமிடத்தில் சீவாத தலையோடு வந்து நின்றான். கவுன்ட்டர் பெண் அவன் லைசென்ஸை வாங்கிக்கொண்டு, வான்மதியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "இவர் உங்கள் கணவரா? கணவர் என்றால் இரண்டாவதாக ஓட்டுபவருக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது."

இளமாறன் தரையைப் பார்த்தான். சேனாபதி மகளைப் பார்த்தார்.

"இல்லை" என்றாள் வான்மதி தெளிவாக. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "ஆனா அப்பா... எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள சொல்லிடணும்னு நினைச்சேன்."

இளமாறன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு எப்படித் தம்பி?"

"முதல் நாள்லேர்ந்தே சார்..."

சேனாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரம் கல்லாக இருபது கோடி வருஷம் எடுத்துக்கிச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசம்கூட எடுத்துக்கல!" என்றவரின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "சரி, கையெழுத்தப் போடும்மா. மீதியப் போற வழியில பேசிக்கலாம்."

வான்மதி ஃபார்மில் 'கணவரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பேனாவை மூடியபடி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இந்த ஒரு தடவைதான் 'இல்லை'..."