தொண்ணூற்றொன்றின் மேல் ஒரு கோபம்

“சாக்பீஸைக் கீழ வைங்க மிஸ்டர்!”

ரோஸ்லின் போட்ட சத்தத்தில், அமீர்பேட் கோச்சிங் சென்டருக்குள் நுழைந்துகொண்டிருந்த மாணவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசல் பலகையில் தினம் ஒரு கணக்கு எழுதுவது அவள் வேலை. 87, 91, 93, 95... இதில் பகா எண் எது? ‘விடை: 91’ என்று சற்று முன்புதான் எழுதியிருந்தாள். அதன் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவன், 7 × 13 என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான்!

திரும்பினான். மழையில் நனைந்த முடி... கொஞ்சம்கூடப் பயப்படாத, சிரிக்கும் கண்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

“தப்புங்க. ஏழுல போகுதே...” கோயம்புத்தூர்த் தமிழ்!

“போனா, உள்ள வந்து எங்கிட்ட சொல்லணும். கைக்கு இப்படி ஊரைக் கூட்டுறீங்க?”

லாலாகுடாவில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழோடு ஊர் உருதும் சேர்ந்துகொள்ளும்; ‘கைக்கு’ என்றால் ‘எதுக்கு’.

மாணவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். படியில் நின்ற டைரக்டர் சிரிக்கவில்லை. சீனியர் பேட்ச்... அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு. இன்றைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “இன்டர்வியூவுக்கு வந்த பிரசன்னா நீங்கதானே? வாங்க,” என்று அவனை உள்ளே அழைத்துப் போனார். மதியத்துக்குள் சீனியர் பேட்ச் அவனுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் மழை விடவில்லை. மெட்ரோ தூணோரம் ஒதுங்கி நின்றவளிடம் அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

“அந்த பேட்ச் எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க.”

“பிச்சை போடறீங்களா? உங்க இரக்கம் எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம்!”

“இல்லீங்க... தொண்ணூத்தொண்ணு யாரையும் ஏமாத்திடும். பார்த்தா பகா எண் மாதிரியே...”

“எனக்கே பாடமா? ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் கூட்டுங்க, தொண்ணூத்தொண்ணு. முதல் ஆறு வர்க்கத்தைக் கூட்டுங்க, அதேதான். மூணோட கனமும் நாலோட கனமும் சேர்ந்தா வரும். ஆறோட கனத்துல அஞ்சோட கனத்தைக் கழிச்சாலும் வரும். இத்தனையும் தெரிஞ்சவ... அவசரத்துல அஞ்சோட நிறுத்திட்டேனே! ஏழால வகுத்துப் பாக்கலையே!”

கோபம் அவன் மேலா, தன் மேலா... அவளுக்கே பிடிபடவில்லை.

அவன் வாயைப் பிளந்து நின்றான். “கனக் கணக்கு எனக்கே தெரியாதுங்க. உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு டைரக்டர்கிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா?”

“ஒண்ணும் வேண்டாம்! அந்த பேட்சை நீங்கதான் எடுக்கறீங்க. நான் பாடம் நடத்திக் காட்டி, உங்ககிட்டேர்ந்து பிடுங்கிக்கிறேன். ஹவ், ஆமா, பிடுங்கத்தான் போறேன்!”

“சீக்கிரம் பிடுங்கிடாதீங்க...” அவன் குரல் தாழ்ந்தது. “அதுவரைக்கும் தினம் என்கூட சண்டை போடுவீங்கல்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க, ரோஸ்லின்.”

என்ன திமிர்! வகுப்பைப் பறித்த ஆள்... இவன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று மதியம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தாள். அப்படியிருந்தும், வீட்டுக்குப் போகாமல் இந்தத் தூணோரம் நின்று, அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தது ஏன்? நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது.

“எனக்கும்தான்!” என்று கத்தினாள். “அதான் எனக்குக் கோபமே!”