நீலக் குளத்தில் ஒரு சிவப்புப் பிணம்!

உத்திராபதி கடைசியாகக் கேட்டது ஒரு சின்ன வெங்காயம்!

"அமாவாசையும் அதுவுமா வெங்காயமா? ஊறுகாயைத் தொட்டுக்குங்க!" என்றாள் அவன் மனைவி ஜெகதாம்பாள்.

"கம்மங்கூழுக்கு அமாவாசை தெரியுமா? கொடேன்டி!"

"முதல்ல அந்தக் கையைக் கழுவுங்க. கூழே கறுத்துடும்!"

கரி படிந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தான். கூழைக் குடித்தான். வேட்டியை மடித்துக் கட்டினான்.

"சாயப்பட்டறை வரைக்கும் போயிட்டு வரேன்."

"அமாவாசைன்னா தறியே ஓடாதே! பட்டறையில யாரு இருப்பா?"

"உன் தம்பி இருப்பான். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் செய்யணும். அடுத்த வாரம் சுகாதார ஆபீசர் வர்றாரு. எல்லாத்தையும் அவருகிட்ட சொல்லிடப் போறேன்."

போனான்.

திரும்பவில்லை!

அன்று முழுக்கத் தேடினாள். "மாமா இங்கே வரவே இல்லையேக்கா!" என்றான் தம்பி, பட்டறை வாசலில். மறுநாள் காலை, குளத்தங்கரையில் ஒரு அலறல்...

1943. சண்டைக்காலம். அரியலூருக்குத் தெற்கே இருந்தது அந்தக் குளம். அமிர்தலிங்கம் முதலாளியின் பட்டறைக் கழிவு விழுந்து விழுந்து தண்ணீரே நீலமாகிவிட்டிருந்தது. குடித்த மாடு கழிந்தது. குளித்தவனுக்குச் சொறி. செத்த மீன்கள் கரையோரம் ஒதுங்கி அழுகின.

அந்த அழுகலின் நடுவே கிடந்தான் உத்திராபதி.

குளம் நீலம்.

பிணமோ... சிவப்பு!

தலைமுடி, காது மடல், பல்லிடுக்கு, வேட்டி... எல்லாம் குங்குமச் சிவப்பு!

"ரத்தமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் குழந்தைவேல், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சாயம்ங்க," என்றாள் ஜெகதாம்பாள். அவளைத் தோளில் தாங்கி நின்றான் தம்பி கண்ணையன். பட்டறையின் மேஸ்திரி. அழுது அழுது அவன் குரல் கட்டியிருந்தது.

"நடங்க பட்டறைக்கு!"

அங்கே அமிர்தலிங்கம் சென்ட் போட்ட கைக்குட்டையை விசிறிக்கொண்டு வரவேற்றார்.

"செவப்புச் சாயமா? சண்டை ஆரம்பிச்சதுலேருந்து கண்ணால கண்டதில்லை சார்! எல்லாம் கன்ட்ரோல். நீங்களே பாருங்க!"

மூன்று சிமெண்ட் தொட்டிகள்.

ஒன்றில் நீலம். ஒன்றில் பச்சை.

மூன்றாவதில்... அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர்!

சிவப்பு ஒரு சொட்டு இல்லை.

"அப்ப இந்தாளு மேல செவப்பு வானத்துலேருந்து கொட்டுச்சா?"

கண்ணையன் விசும்பினான். "மாமாவுக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லைங்க. கரி, கரின்னு அலைஞ்சாரு. ஏதோ பழைய சாயப்பொடியைக் கரைச்சு ஊத்திக்கிட்டுக் குளத்துல குதிச்சிருப்பாரு..."

குழந்தைவேல் பென்சிலை எடுத்தார். "சரி. தற்கொலைன்னு எழுதிக்கறேன்."

"எழுதாதீங்க!"

ஜெகதாம்பாளின் குரல் கிறீச்சிட்டது.

"அப்படி எழுதினா ஊரு அவரைப் பைத்தியம்னு சொல்லும். கொன்னவன் மூணு வேளையும் சோறு தின்னுக்கிட்டு நல்லா இருப்பான்!"

"கொலைங்கறியா? செவப்பு எங்கேம்மா? காட்டு!"

அவள் மூன்றாவது தொட்டியைப் பார்த்தாள். இத்தனை நாற்றத்துக்கு நடுவே இத்தனை சுத்தமான தண்ணீரா?

தொட்டிக்குப் பக்கத்தில் பீப்பாய் ஒன்று. உள்ளே பனங்கொட்டைக் கரி. உத்திராபதி சுட்ட கரி. நெருப்பாய்க் கனலும்போதே நீராவி பாய்ச்சிப் பக்குவம் பண்ணியது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஓட்டை விழும். அதன் வழியே சாயத்தண்ணீரைச் சொட்ட விட்டால் கரி நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து வெளியே வரும்.

கழிவைச் சுத்தம் செய்யத்தான் அதை வைத்தார்கள். ஆனால் ஆபீசர் வரும் நாளில் மட்டும்தான் ஓடும்! மற்ற நாளெல்லாம் கழிவு நேரே குளத்துக்கு. அதைத்தான் உத்திராபதி சொல்லப் போகிறேன் என்றான்.

பீப்பாயில் கையை விட்டாள். ஈரம்!

"ஐயா, ஒரு படி சாராயம் வேணும்."

"யாருக்கும்மா?"

"கரிக்கு!"

கான்ஸ்டபிள் ஓடிப்போய் வாங்கி வந்தார். பீங்கான் கிண்ணத்தில் கரியைப் போட்டு அவள் சாராயத்தை ஊற்றியபோது, அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அய்யோ... முழுசையுமா ஊத்தறே தாயி?"

ஒரு நிமிஷம்...

இரண்டு நிமிஷம்...

கரியிலிருந்து ஒரு இழை கசிந்தது.

சிவப்பு!

கிண்ணம் முழுக்கச் சிவந்தது!

"மனுஷன் மாதிரியேதான் கரியும்," என்றார் குழந்தைவேல். "சாராயம் உள்ளே போனா உண்மை வெளியே வருது! முதலாளி... இப்ப நீங்க பேசுங்க."

அமிர்தலிங்கத்துக்கு வியர்த்தது. "பதுக்கினேன் சார்! ஜெர்மன் சாயம். சண்டைக்கு முந்தி வாங்கினது. முந்தாநாள் வரைக்கும் இந்தத் தொட்டி பூரா செவப்புதான். இன்னிக்குக் காலையில ஓடி வந்து பார்த்தா தெளிஞ்ச தண்ணி! கடவுள் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன்..."

"கடவுள் கரி சுடுவாராய்யா?"

"சத்தியமா எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது சார்!"

"அது நெசந்தாங்க," என்றாள் ஜெகதாம்பாள் மெல்ல. "அவசரப்பட்டு ஊத்தினா நிறம் நிக்காது. ராவு பகலா சொட்டுச் சொட்டா விடணும். கரியை நடுவுல மாத்தணும். அது தெரிஞ்சவங்க மூணே பேரு. செத்துப் போனவரு. நான்..."

திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

காலையிலிருந்து அவள் தோளில் இருந்த கை மெல்ல விலகியது.

"அக்கா..."

"சீ! அப்படிக் கூப்பிடாதே!"

வாயைப் புறங்கையால் துடைத்தாள். அந்தக் கையால்தான் காலையில் அவள் வாயில் தண்ணீர் புகட்டினான்!

கண்ணையன் ஓடவில்லை. ஓட முடியாதபடி கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

"பட்டறையையே என் பொறுப்புல விடறதா முதலாளி சொல்லியிருந்தாரு. மாமா வாயைத் தொறந்தா பட்டறைக்கே பூட்டு! கெஞ்சினேன். கேக்கலை. தொட்டிக்குள்ள தள்ளி... சாயம் கிண்டற கழியால கொஞ்ச நேரம் அமுக்கினேன்..."

"எவ்வளவு நேரம்டா?"

"...அடங்கற வரைக்கும்."

"குளம் செவந்துடக் கூடாதுன்னு தொட்டியைக் கரியில வடிச்சுச் சுத்தம் பண்ணினே. பொணத்தை ஏன்டா விட்டே?"

"நாலு தடவை தேய்ச்சேன் சார். போகலை. குளத்து நீலத்துல மறைஞ்சிடும்னு..."

"எப்படிப் போகும்?" அமிர்தலிங்கம் தன்னை மறந்து சொன்னார். "கெட்டிச் சாயமாச்சே சார்! ஜெர்மன் சரக்கு!"

குழந்தைவேல் கையை வீசினார். பளார்!

முதலாளியின் கன்னமும் சிவந்தது.

விலங்கு இரண்டு பேருக்கும் பூட்டப்பட்டது. கரிப் பீப்பாயை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பட்டறையில் மிச்சமிருந்த கரி மூட்டைகளையும் விடவில்லை. எல்லாம் கோர்ட்டுக்குச் சாட்சி!

ஜெகதாம்பாள் வண்டியின் பின்னால் நடந்தாள். குளத்தங்கரையில் நின்றாள். பட்டறைக் கால்வாயிலிருந்து கழிவு அப்போதும் விழுந்துகொண்டிருந்தது.

குளம் நீலமாகவே இருந்தது.

"ஐயா... கரியை எல்லாம் கொண்டு போறீங்க. இந்தத் தண்ணி?"

குழந்தைவேல் மூக்கைப் பொத்திக்கொண்டே திரும்பினார்.

"மனுஷனைக் கொன்னாத்தாம்மா செக்‌ஷன் இருக்கு... குளத்தைக் கொன்னா ஏது!"